கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்களோடு நான் சண்டைக்கு வரப்போவதில்லை. கைக்குழந்தையோடு பத்து ராத்திரி கண் மூடாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் வந்து என்னைப் பார்த்துச் சிரியுங்கள். அது போதும்.

தூக்கம் கெட்டவர்களுக்கு இல்லாததெல்லாம் தெரியும் என்பார்கள். எனக்கும் தெரிந்தது. சுவரில் இல்லாத பல்லி ஓடியது. பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே அது அழுகிற சத்தம் கேட்டது. அதெல்லாம் தூக்கக் கேடுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்லப்போவது அதில் சேராது. ஏன் சேராது என்று முழுதும் படித்தால் உங்களுக்கே தெரியும்.

1979. ஐப்பசி மாதம். விடாத மழை.

எங்கள் வீடு பசுமலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், அப்போதுதான் பிளாட் போட்ட பொட்டலில் இருந்தது. இரண்டே அறை. பூச்சு வேலை பாதி பாக்கி. கரண்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் காசிமாயன் ஒரு காண்ட்ராக்டரிடம் ரோடு மேஸ்திரி. அந்த வருஷம் திருமங்கலத்துக்குத் தெற்கே பெரிய ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்தது. வேலை நடக்கிற இடத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கிவிடுவார். மூன்று நாலு நாளைக்கு ஒருதரம் வீட்டுக்கு வருவார். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். சும்மா கிடக்கிறது என்று எதையாவது லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். தார் டின், சவுக்குக் கட்டை, கருங்கல். எங்கள் வீட்டில் பாதி அப்படிச் சேர்ந்ததுதான்.

நான் பிள்ளை பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அப்படி மூன்று கல் வந்தன. இரண்டு நெட்டைக் கல். ஒரு நீளப் பலகைக் கல். உள் அறையில் சுவரோரமாக இரண்டையும் நட்டு, பலகையை அதன் மேல் படுக்க வைத்துவிட்டார். நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேடை.

"பானை சட்டிய மேல வச்சுக்க. எலி ஏறாது," என்றார்.

"எங்க புடிச்சீக?"

"ரோட்டோரம் சும்மா கெடந்துச்சு."

எனக்குச் சந்தோஷம்தான். பலகையின் ஒரு மூலை மட்டும் பிறை போல உடைந்திருந்தது. மற்றபடி நல்ல கல். மேல்பக்கம் வழவழவென்று இருக்கும். எத்தனையோ வருஷம் எத்தனையோ பேர் கைபட்டுத் தேய்ந்த வழவழப்பு. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் வழக்கம். எனக்குத் தாய் இல்லை. நான் எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அம்மாவைப் பற்றி எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான். ராத்திரி எப்போது நான் முழித்துப் பார்த்தாலும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. நாங்கள் குடியிருந்தது செல்லூரில். சுற்றிலும் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா நல்லகாமன் செல்லூரிலேயே ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். அவருக்குச் சொந்த ஊர் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம். என்னைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு செல்லூருக்கு வந்தவர்கள், அப்புறம் ஒருதரம்கூட ஊர்ப்பக்கம் போகவில்லை. கேட்டால், "அங்க என்ன இருக்கு," என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மதினி அன்னக்கொடி. என் வீட்டுக்காரரின் அக்கா. உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. வாய்தான் நீளமே ஒழிய மனசு வெள்ளை. ஆள் நல்ல பருமன். படுத்தால் அவள் குறட்டைக்குக் கூட்ஸ் வண்டி தோற்றுப்போகும்.

ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்தோம். உள் அறையில் எனக்கும் பிள்ளைக்கும் கயிற்றுக் கட்டில். தலைமாட்டில் ஒரு அரிவாள், ஒரு கொத்து வேப்பிலை. மதினி முன் அறையில் படுத்துக்கொண்டாள்.

"பூனை சுத்துது. கதவ உள்ளுக்குள்ள தாழ் போட்டுக்க," என்று சொல்லியிருந்தாள்.

என் பிள்ளைக்கு ராத்திரிதான் பகல். தொட்டிலில் போட்டால் வீறிடுவான். கையில் வைத்திருந்தால் தூங்குவான். இறக்கினால் அடுத்த நிமிஷம் முழித்துக்கொள்வான். எனக்குத் தையல் போட்ட இடம் எரியும். பால் கட்டி இரண்டு மார்பும் கனக்கும். இடுப்பு எனக்குச் சொந்தமில்லாதது போலக் கழன்றுகிடக்கும். உட்கார்ந்தபடியே ராத்திரி விடியும். பகலில் படுக்கலாம் என்றால் மருந்து அரைத்துக் கொடுக்க ஒருத்தி, பார்க்க வருகிறவர்கள் நாலு பேர். தூக்கம் வேண்டும் என்று அப்படி ஏங்கியிருக்கிறேன். சோறு வேண்டாம், நகை வேண்டாம், தூக்கம் போதும்.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஒரு ராத்திரி பிள்ளையோடு சேர்ந்து நானும் அழுதேன். அம்மா இருந்திருந்தால் வாங்கி மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். வாய்விட்டே சொன்னேன்.

"யாராச்சும் இவனக் கொஞ்ச நேரம் வாங்கிக்கிருங்களேன்..."

மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி அடங்கியது. சிம்னி விளக்கு எண்ணெய் இல்லாமல் சுருங்கிக்கொண்டிருந்தது. நான் சுவரில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பருத்த உருவம் வந்து நின்றது. இரண்டு கை நீண்டது.

"குடு தாயி. கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."

மதினிதான். வேறு யார்? கொடுத்தேன். கை காலியானதும் அப்படியே சரிந்து தூங்கிவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில். உடம்பு பஞ்சாக இருந்தது. அப்புறம்தான் கையால் துழாவினேன். பக்கத்தில் பிள்ளை இல்லை. தொட்டிலிலும் இல்லை.

கல் மேடையில் இருந்தான்.

பானைகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் அவனைக் கிடத்தியிருந்தது. நெஞ்சு உயரம். ஒரு புரள் புரண்டால் கீழே சிமெண்டுத் தரை. ஆனால் அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் கதவைப் படாரென்று திறந்துகொண்டு போனேன்.

"என்ன மதினி, பச்சப் புள்ளயக் கொண்டுபோயி கல்லு மேல போட்டிருக்கீக?"

மதினி தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஊதுகுழலை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் எங்கிட்டு வந்தேன்? கதவு உள்ள தாழ் போட்டுல்ல கெடந்துச்சு. இப்ப நீதான தொறந்துக்கிட்டு வார."

ஆமாம். தாழை நான்தான் இப்போது நீக்கினேன்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். பேரனைப் பார்க்க முதல் தடவையாக வந்தார். இரண்டு கையிலும் பலகாரப் பொட்டலம். சிரித்துக்கொண்டே உள் அறை வாசல் வரைக்கும் வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை. என் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கப்பா."

"இல்ல... தீட்டு. நான் வெளியவே பாக்குறேன்."

பேரப் பிள்ளைக்குத் தீட்டுப் பார்க்கிற ஆள் இல்லை எங்கள் அப்பா. மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் காட்டினாள். காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது மதினியிடம், "மாப்பிள்ளைய ஒருதரம் என்னையப் பாக்கச் சொல்லுங்க," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மதினி அதை மறந்துவிட்டாள்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். அவரும் மதினியும் முன் அறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"தூக்கத்துல எந்திரிச்சு, புள்ளயக் கல்லு மேல வச்சிருக்காடா. அவளுக்கே தெரியல. நாளைக்கு அடுப்புல வைக்கமாட்டான்னு என்ன நிச்சயம்?"

"என்னக்கா செய்யச் சொல்ற?"

"இன்னொருக்க இப்படி நடந்துச்சுன்னா புள்ளய நான் எங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போறேன். டின்னுப் பாலு குடுத்து வளத்துக்குறேன். இவ புத்தி தெளியட்டும், அப்புறம் பாப்போம்."

அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சரி என்றுதான் அர்த்தம். பெற்று இரண்டு வாரம் ஆகவில்லை. என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இனி என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பிள்ளையைக் கையைவிட்டு இறக்கவும் கூடாது.

அவர் சாயங்காலமே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரி பிள்ளையை மடியில் போட்டு, என் முந்தானையை அவனைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முடிச்சுப் போட்டேன். கதவைத் தாழ் போட்டு, இழுத்துப் பார்த்தேன். விளக்குக்கு எண்ணெய் நிரப்பினேன். தூங்கினால்தானே கலக்கம்? தூங்கவே போவதில்லை.

பன்னிரண்டு மணிச் சங்கு.

மதினியின் குறட்டை.

மழை விட்டுவிட்டது.

எப்போது என்று தெரியாது. ஒரு சத்தம்.

சரக்... சரக்... சரக்...

சரளைக் கல் ரோட்டில் வெறுங்காலோடு, பாரம் சுமந்துகொண்டு நடந்தால் வருமே, அந்தச் சத்தம். மெதுவாக வந்தது. எங்கள் அறையில் சிமெண்டுத் தரை.

எனக்குக் கண் திறக்கவில்லை. உடம்பு அசையவில்லை. மழை நனைந்த புல்லின் வாசனை அடித்தது. காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம்.

"குடு தாயி."

கொடுக்கக் கூடாது. கொடுக்கக் கூடாது. மனசு கத்தியது. ஆனால் இத்தனை நாளாகக் கனத்துக் கனத்துப் போன என் கை இருக்கிறதே... அது தானாக நீண்டது.

காலையில் பிள்ளை கல் மேடையில் இருந்தான். என் முந்தானை முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டு முடிச்சும் இறுக்கமாக இருந்தது. உள்ளே பிள்ளை மட்டும் இல்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். அவன் தலைக்கு அடியில் ஒரு பழந்துணி. வட்டமாகச் சுருட்டி வைத்த சும்மாடு. தலையில் சுமை தூக்குகிற பெண்கள் சுமைக்கு அடியில் வைப்பார்களே, அதேதான். தலை உருளாமல் அதன் குழிக்குள் பதமாக வைத்திருந்தது. கட்டம் போட்ட கண்டாங்கித் துணி. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தச் சேலை கிடையாது.

தரையில் நாலைந்து சரளைக் கல் கிடந்தது.

அத்தனையையும் பொறுக்கி ஜன்னல் வழியே எறிந்தேன். சும்மாட்டைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். மதினி கதவைத் தட்டுவதற்குள் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னைக்கு மூஞ்சி தெளிவா இருக்கே. தூங்குனியா?" என்றாள்.

"தூங்குனேன் மதினி."

பொய் இல்லை. அதுதான் கொடுமை. நான் நன்றாகத் தூங்கியிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்று பகல் முழுக்கப் பயத்தில் நடுங்கினேன். ஆனால் இருட்டத் தொடங்கியதும், பயத்துக்குள்ளேயே ஒரு ஓரத்தில் அவளை எதிர்பார்த்தேன். என் பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. தலைக்குச் சும்மாடு வைக்கத் தெரிந்திருக்கிறது. பெற்றவர்கள், கொண்டவர்கள் யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. "கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்" என்று அந்த வீட்டில் வேறு யார் என்னிடம் சொன்னார்கள்?

அன்று ராத்திரி முடிச்சுப் போடவில்லை.

சரக்... சரக்... சரக்...

இந்தத் தடவை கண் திறந்தது.

விளக்கு அணைந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உருவம். கை நீண்டது. நானே கொடுத்தேன். அவள் அவனை வாங்கி, திரும்பி, கல் மேடையில் கிடத்தினாள். பதமாக. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

தூரத்தில் கூட்ஸ் வண்டி வருகிற சத்தம். ராத்திரி இரண்டே காலுக்கு அது எங்கள் வீட்டைத் தாண்டும். வளைவில் திரும்பும்போது அதன் வெளிச்சம் ஜன்னல் வழியே உள்ளே விழுந்து, சுவர் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிப்போகும்.

வெளிச்சம் விழுந்தது.

மதினி மாதிரி பருமன் என்று நான் நினைத்தது பருமன் இல்லை.

வயிறு.

நிறை மாத வயிறு.

கண்டாங்கிச் சேலை. ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். முகம் தெரியவில்லை. தலைமுடி முன்னால் விழுந்து மறைத்திருந்தது.

வெளிச்சம் போய்விட்டது.

இருட்டு.

"கனக்குது தாயி..."

நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"உன் சுமைய நான் எறக்குனேன்ல..."

சரக்... ஒரு அடி கிட்டே.

"என் சுமைய நீ கொஞ்ச நேரம் வச்சிரு."

தலைமாட்டில் அரிவாள் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். ஆனால் என் பிள்ளை அவளுக்குப் பின்னால் இருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் அவள் நின்றாள். அந்தக் கல்லின் மேல் அவன் லேசாக முனகினான்.

நான் மடியை விரித்தேன்.

எதுவோ வந்து விழுந்தது.

கனம்.

ஈரம்.

சில்லென்று... கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தது போல.

அது அசைந்தது.

தேடியது.

என் இடது மார்பில் வாய் வைத்தது.

நான் கத்தினேன். சத்தம் வரவில்லை. பனிக்கட்டியை வைத்த மாதிரி வலி முதுகு வரைக்கும் ஓடியது. அது உறிஞ்சியது. விடவில்லை. எத்தனையோ நாள் பசி போல...

நான் தள்ளவில்லை. தள்ளினால் என் பிள்ளை திரும்பி வரமாட்டான் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் கை, என்னைக் கேட்காமல், அதன் முதுகைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். மூச்சு வாங்குகிற சத்தம் மெல்ல அடங்கியது.

விடியற்காலைச் சங்கு ஊதியது.

மடி லேசானது.

நான் போட்ட கூச்சலில் மதினி கதவை உடைக்காத குறை. எப்படித் தாழை நீக்கினேன் என்று தெரியாது. பிள்ளையைக் கல்லிலிருந்து அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். இனி அந்த அறைக்குள் போகமாட்டேன், வெட்டிப்போட்டாலும் போகமாட்டேன் என்றேன். மதினி பக்கத்து வீட்டு ஆளை சைக்கிளில் விரட்டி என் வீட்டுக்காரரை வரவழைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும் என்று சொன்னேன். "சுமைய நீ வச்சிரு" என்று அவள் கேட்டதைச் சொன்னபோது என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக எழுந்து உள் அறைக்குள் பார்த்தார்.

"அக்கா..." என்றார். "அது சும்மா கெடந்த கல்லு இல்லக்கா. சுமதாங்கிக் கல்லு."

சுமைதாங்கி என்னவென்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் பேரில் ரோட்டோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பார்கள். சுமையோடு நடந்து வருகிறவர்கள் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், தலையிலிருந்து நேரே அதன் மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். அதற்காகத்தான் நெஞ்சு உயரம். ஒவ்வொருவர் சுமை இறங்கும்போதும் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

ரோட்டை அகலப்படுத்தும்போது அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். நல்ல கல் என்று இவர் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மேடைக்கு அந்த உயரம் தோதாக இருந்ததால் அதே மாதிரியே நட்டும் வைத்துவிட்டார்.

"அடப் பாவி!" மதினி அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள். "புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுக்குள்ளயாடா அதக் கொண்டாந்து நட்ட?"

அன்று மத்தியானமே லாரி வந்தது. மூன்று கல்லும் போயின. இருட்டுவதற்குள் புது ரோட்டின் ஓரத்தில், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டு வந்தார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிற பேச்சை மதினி எடுக்கவே இல்லை. ராத்திரியில் முழித்திருந்து அவனை அவளே மடியில் போட்டுக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சும்மாடு இல்லை.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. அன்று காலையிலிருந்து என் இடது மார்பில் பால் இல்லை. கட்டிக் கனத்துக் கிடந்தது, வற்றித் தொங்கிவிட்டது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், மாத்திரை எழுதினார். ஒரு சொட்டு வரவில்லை. பிள்ளை வலது பக்கம் மட்டும் குடித்து வளர்ந்தான்.

முப்பது கழித்துத் தலை முழுகியதும் அந்தக் கல்லுக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். அப்பாவும் வந்தார். கூப்பிடாமலே வந்தார். திருமங்கலம் தாண்டி, கண்மாய்க் கரை ஓரம் இறங்கினோம். சுற்றிலும் நெல் வயல். கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உடைந்த மூலையை அப்பா கையால் தடவினார். ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இதான்த்தா நம்ம ஊரு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இது முத்துத்தாய் கல்லு. உங்காத்தாளுக்குக் கூட்டாளி. அடுத்த வீடு. ரெண்டு பேரும் ஒண்ணா உண்டானாக. புல்லுக்கட்டத் தூக்கிட்டு வாரப்ப இந்த எடத்துலதான் விழுந்தா. எந்திரிக்கல. இந்த மூலையக் கல்லு நட்ட அன்னைக்கு நான்தான் கை தவறி ஒடச்சேன்."

"அன்னைக்கு வீட்டுல பாத்தப்பவே தெரியுமாப்பா உங்களுக்கு?"

தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ உசுரு போன கையோட மருத்துவச்சி வயித்தக் கீறிப் புள்ளய எடுத்துருச்சு. புள்ளைக்கு உசுரு இருந்துச்சு. ராப்பூரா அழுதுச்சு. பாலு குடுக்க ஊருல ஒரே ஒருத்திதான் பச்ச ஒடம்புக்காரி. அவகிட்டக் கொண்டாந்தாக. ஒரு பக்கமாச்சும் குடு ஆத்தான்னு மருத்துவச்சி அவ காலுல விழுந்து கெஞ்சுச்சு. பொணத்து வயித்துல இருந்து எடுத்த புள்ள, அதுக்குக் குடுத்தா தன் புள்ளைக்கு ஆகாதுன்னு பயந்து போயி, இவ கதவ உள்ள தாழ் போட்டுக்கிட்டா. விடியிறப்ப அழுக நின்னு போச்சு."

அந்த ஒருத்தி யார் என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னார்.

"உங்காத்தாள ஏசாதத்தா. அவளுக்கு மொத ரெண்டும் தங்கல. மூணாவது நீ. பொறந்து மூணு நாளு. உனக்காகத்தான் குடுக்கல. அதுக்கப்புறம் அவ ஒரு ராத்திரி தூங்கல."

அது எனக்காக வைத்திருந்த பால்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. அப்பா இப்போது இல்லை. எனக்கு அப்புறம் இரண்டு பெண் பிறந்தார்கள். இரண்டு பிரசவத்திலும் இடது பக்கம் ஒரு சொட்டு சுரக்கவில்லை. கடைசிப் பெண் பால் மறந்தே நாலு வருஷம் இருக்கும்.

போன மாதம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவாமல் அப்படியே உட்கார்ந்தார். அந்த ரோட்டை இன்னும் அகலப்படுத்தப் போகிறார்களாம். எடுக்க வேண்டியதற்கெல்லாம் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டார்களாம். அந்தக் கல்லிலும் போட்டிருக்கிறார்களாம். பெரிய ஆளைப் பார்த்துப் பேசுகிறேன் என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

ராத்திரி நான் முழிக்கவே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்தபோது என் ரவிக்கையின் இடது பக்கம் நனைந்திருந்தது.